சாஸ்திரியின் வீட்டாரையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரான அரியலூரில் லால் பகதூர் சாஸ்திரியின் பெயரை எடுத்தாலே பேச்சு ரயில் விபத்துக்குப் போய்விடும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, பெருக்கெடுத்து ஓடிய மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை. இன்றும் எங்காவது ரயில் தடம் புரண்டால் அரியலூரை எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்த மனிதரை ஒரு ராஜினாமாக் கடிதத்தோடு முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய நேர்மைக்கு வீட்டில் இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள்.

1928-ல் லலிதா தேவியைக் கைப்பிடித்தபோது அவர் சீராக வாங்கிக்கொண்டது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும்தான். அதற்குப் பிறகு சிறைவாசம். ஒருமுறை மகளுக்கு உடம்பு முடியாமல் போக, 15 நாள் பரோல் கிடைத்தது. மகள் பிழைக்கவில்லை. ஈமக்கடன் முடிந்ததும், மீதி நாட்களை வீட்டில் கழிக்காமல் சிறைக்குத் திரும்பிவிட்டார். அந்த நேரத்தில் லலிதா தேவியின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அவர் பிரதமராக இருந்த 1965-ல் நாடே உணவுப் பற்றாக்குறையில் தவித்தது. வாரத்துக்கு ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்பதற்கு முன், அன்று இரவு அடுப்பு மூட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். தன் பிள்ளைகள் பசி தாங்குகிறார்களா என்று பார்த்த பிறகுதான் ஊராரிடம் கேட்டார். திங்கள் இரவுகளில் ஓட்டல்கள் கூடக் கதவைச் சாத்தின.

அதே ஆண்டின் இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தை ஒரு தமிழனாக நான் மறக்கவில்லை. எத்தனையோ உயிர்கள் போய், மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கொடுத்த பிறகே, இந்தி பேசாதோர் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதியைக் காப்பதாக அவர் வானொலியில் பேசினார். அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்த அதே அழகேசன்தான். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். பிரதமரான பிறகும் அவருக்குச் சொந்தக் கார் இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஃபியட் காரின் விலை 12,000 ரூபாய். கையிருப்பு 7,000 தான். மீதி 5,000-க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் போட்டார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் நின்றது. பிரதமரின் விதவை, தனக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து அதைக் கட்டி முடித்தார். டெல்லியில் அவர் நினைவில்லத்தில் அந்தக் கார் இன்றும் நிற்கிறது.

1993 வரை வாழ்ந்த லலிதா தேவியின் படத்தைத் தமிழ் இதழ்களில் நான் பார்த்த நினைவே இல்லை. வருகிற அக்டோபர் 2 அன்று சாஸ்திரியின் பிறந்தநாளுக்குத் தாங்கள் ஒதுக்கும் பக்கத்தில், அந்த அம்மாளைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரியலூர்.