ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஒரு வேலை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு, வாய்தான் கட்டுக்குள்ள இல்ல. பேரன் காதுகுத்துக்கு வர முடியல. சீர் வந்து சேர்ந்துடுச்சுன்னு தங்கச்சி போன்ல சொன்னா. ஒட்டடை மறுபடியும் கவுன்சிலருக்கு நிக்கப் போறானாம். நீயே அவன்கிட்ட பேசு, நான் சொன்னா கேக்க மாட்டான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் மவுஸ் போயிடுச்சு.

சிரிக்காத. முந்நூறு ரூபா சாமானுக்கு ஒரு லெட்டரான்னு கேப்பே. உனக்கு அது பேங்க் மேஜையில கிடக்கிற சாமான். எனக்கு அதுலதான் சோறு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேர் நோட்டீஸ், எல்லாமே அந்த இடது பட்டனை அமுக்கிப் பிடிச்சு இழுக்கிற வேலை. அது ஒரு அமுக்கை ரெண்டா எண்ண ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை போட்டோவை இழுத்துட்டு வந்தா பாதி வழியில, மாமனார் பேர் மேலேயே, பொத்துனு போட்டுடும்.

முதுநகர்ல நம்ம ரேடியோ பாய்கிட்ட கொண்டு போனேன். திருப்பிப் பாத்தா ஸ்க்ரூவையே காணோம். அடியில வழுக்கறதுக்கு ஒட்டியிருக்கே கறுப்புப் பட்டை, அதை நகத்தால உரிச்சா அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. உள்ளே, பட்டனுக்குக் கீழே, சுண்டு விரல் நகம் அளவுல ஒரு சுவிட்ச். அதுக்குள்ள மெல்லிசா ஒரு செம்புத் தகடு. அந்தத் தகடு தளர்ந்தாலோ, தொடற இடம் கறுத்துப் போனாலோ, ஒரு தடவை அமுக்கினாலே விட்டு விட்டுத் தொடும். கம்ப்யூட்டர் அதை ரெண்டு அமுக்குன்னு எடுத்துக்கும். தேவனாம்பட்டினத்து உப்புக் காத்துதான் காரணம்னு பாய் சத்தியம் பண்றார். அவர் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்வார், பொண்ணுக்கு ப்ளஸ் டூல மார்க் குறைஞ்சதுக்குக் கூட. ஆனா மனுஷன் ஒரு வித்தை பண்ணார் பாரு. வலது பட்டனுக்குக் கீழேயும் அதே சுவிட்ச்தான், நான் அதை அவ்வளவா தொடறதில்ல. அதைக் கழட்டி இடது பக்கம் வச்சு ஈயம் வச்சுட்டார். தீபாவளி வேலை முழுக்க அதுலதான் ஓடுச்சு. இப்ப சக்கரம் போச்சு. கீழே உருட்டினா பக்கம் எதிர்ப் பக்கமா குதிக்குது. இனிமே அதுகூட மல்லுக்கட்ட முடியாது.

லாரன்ஸ் ரோட்ல கடை கடையா ஏறி இறங்கினேன். எவனும் டப்பாவைப் பிரிச்சுக் காட்ட மாட்டேங்கறான். செருப்பைக் காலுல போட்டுப் பாக்காம வாங்குவியா நீ? ஒரு பையன், "அங்கிள், இது 16,000 டிபிஐ"ன்னு கலர் கலரா விளக்கு எரியற ஒண்ணை நீட்டினான். டிபிஐன்னா மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினா திரையில அம்பு எத்தனை புள்ளி நகரும்ங்கற கணக்கு. என் திரையே குறுக்கால 1,920 புள்ளிதான். 1,000 டிபிஐ இருந்தா ரெண்டு அங்குலம் நகர்த்தினாலே இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் போயிடும். 16,000 வச்சா அரைக்கால் அங்குலத்துல போயிடும். நான் தும்மினா பத்திரிகைப் பிள்ளையார் பக்கத்தை விட்டே ஓடிடுவார். ஒயர் இல்லாதது வாங்குன்னு பையன் வீட்ல ஓதறான். அந்தக் குட்டி ரிசீவர் தொலைஞ்சா என்னடா பண்றதுன்னேன், பதில் இல்ல.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. கைதான் மாப்ள.

கொஞ்ச நாளா ராத்திரி தூக்கத்துல வலது கை மரத்துப் போயிடுது. எழுந்து உக்காந்து உதறினாத்தான் உயிர் வருது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டு விரலுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அதைச் சொன்னதுமே டாக்டர் தலையாட்டிட்டார். சுண்டு விரலுக்கு வேற நரம்பாம். மத்த விரலுக்குப் போற நரம்பு மணிக்கட்டுல நசுங்குதுன்னார். ராத்திரிக்குக் கட்டிக்க ஒரு பட்டை குடுத்திருக்கார். வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது சுளுக்கிக்கிச்சுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். நீ உளறித் தொலைக்காத. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கு.

வெர்டிக்கல் மவுஸ் வாங்கிக்கோன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. கை குலுக்கற மாதிரி பிடிச்சா முன்கை முறுக்கிக்காதாம். பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்ல ஒண்ணு இருந்தது, பிடிச்சுப் பாத்தேன். சுகமாத்தான் இருக்கு, ஆனா மெல்லிசா ஒரு கோடு இழுக்க வரல. அதோட அது வலது கைக்குன்னே செஞ்சது. நான் மதியத்துக்கு மேல இடது கையில வேலை செய்யப் பழகிட்டிருக்கேன். விண்டோஸ்ல பட்டனை மாத்திக்கலாம். மவுஸைக் கண்டுபிடிச்ச டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1968 டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல அதை நாலு பேர் முன்னாடி ஓட்டிக் காட்டின வீடியோ இருக்கு. வலது கையில மவுஸ், இடது கைக்கு அஞ்சு கட்டை வச்ச தனிப் பலகை. அந்த ஆளு இடது கையைச் சும்மா உக்கார வைக்கல. நமக்கு மட்டும் என்ன?

அதனால சென்னையில அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது எனக்கு ஒண்ணு வாங்கு. ஒயர் வச்சது. ரெண்டு பக்கமும் ஒரே வளைவா இருக்கணும், கட்டை விரலுக்குன்னு ஒரு பக்கம் மட்டும் குழி வச்சது வேண்டாம். விளக்கு வேண்டாம். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி, ஒரு ஃபைலை அமுக்கிப் பிடிச்சபடியே திரையைச் சுத்தி இழுத்துப் பாரு, நடுவுல விடக் கூடாது. சக்கரத்தை மெதுவா உருட்டு, எதிர்ப் பக்கம் குதிக்கக் கூடாது. அளவுக்கு இந்தத் தாளுக்குப் பின்பக்கம் ரெண்டு கையையும் வச்சுப் பென்சில்ல வரைஞ்சிருக்கேன். வாட்ஸப்ல அனுப்பினா அளவு மாறிடும், அதுக்குத்தான் இந்த லெட்டரே. இடது கைப் படம் நடுங்கியிருந்தா கண்டுக்காத, அதை வலது கை வரைஞ்சது.

பணம் ஜிபேல போட்டுடறேன். நல்லா இருந்தா ரெண்டா வாங்கு. ஆனா அந்த டிரான்சிஸ்டர் கதை மாதிரி நல்லதை நீ வச்சுக்கிட்டு மத்ததை எனக்குத் தள்ளி விடாத.

உன்,
டிடிபி