ஒரு துண்டு கருப்பு டேப்

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள், நெஞ்சுக்கு முன்னால் ஒரு உருண்டை, சிவப்பாக எரிகிறது. உன் கார் மீட்டரில் ஏர்பேக் லைட்டு அது, இடித்தால் முன்னால் விரிகிற பலூனுக்கானது. "வண்டி நல்லாத்தான் ஓடுதும்மா, இது மட்டும் அணைய மாட்டேங்குது, மீட்டரைக் கழற்றி லைட்டை எடுத்துடலாம்னு மெக்கானிக் சொல்றாரு" என்று வாய்ஸ் போட்டுவிட்டு நீ தூங்கப் போய்விட்டாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நீளமாக இருக்கும், முழுக்கப் படி.

லைட்டை எடுக்க விடாதே. அந்த மெக்கானிக் என்ஜின் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம், இதில் அவர் பேச்சைக் கேட்காதே.

என்ஜின் லைட்டு எரிந்தால் பல நேரம் வண்டி தானாகக் காட்டிக் கொடுத்துவிடும், இழுக்காது, உதறும், புகை வரும். ஏர்பேக் லைட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சாவியைத் திருப்பினதும் அது எரியும், ஆறு ஏழு விநாடி நின்று அணையும், அந்த நேரத்தில் கியருக்குக் கீழே நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெட்டி எல்லா ஒயரையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. எல்லாம் சரி என்றால் லைட்டு அணைகிறது. அணையாமல் நின்றால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம், பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பெட்டி முழுவதையும் நிறுத்தி வைத்துவிடும். அப்போது பலூன் மட்டும் போவதில்லை, இடிக்கிற நொடியில் சீட் பெல்ட்டைச் சுண்டி இழுத்து உன்னைச் சீட்டோடு பிடித்துக்கொள்கிற பொறி ஒன்று இருக்கிறதே, அதுவும் அதே பெட்டியின் கையில்தான். வண்டி பாட்டுக்கு ஓடும். இடித்தால்தான் தெரியும்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பெங்களூரில் இருந்து நாள் முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருந்தாய், எனக்குச் சார்ஜ் இல்லை. தெருவில் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. வண்டிக்குள் சீட்டின் அடிவரை ஏறியிருந்தது, கதவைத் திறந்தால் கொருக்குப்பேட்டைச் சாக்கடை மொத்தமும் கால் வைக்கும் இடத்தில் நின்றது. கார்ப்பெட்டைப் பிய்த்து மொட்டை மாடியில் காயப் போட்டு, ஆயில் மாற்றி, மூன்று வாரம் கழித்து என்ஜின் ஸ்டார்ட் ஆனபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனால் ஏர்பேக் லைட்டு மட்டும் அணையவில்லை. பக்கத்து ஷெட்டில் கேட்டேன். "அது சும்மா லைட்டுக்கா, வண்டி ஓடுதுல்ல" என்றார்கள். மூன்று வாரம் சவாரி இல்லை, ட்யூ தலைக்கு மேல் நிற்கிறது, எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. சவாரி ஏறுகிறவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு "என்னக்கா அது" என்று கேட்க ஆரம்பித்ததும் கருப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி மீட்டர் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். சென்ட்ரலில் இருந்து வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். நீ முன் சீட்டில், எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு வால்டாக்ஸ் ரோட்டை வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தாய். டேப்பை நீ பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பலூன் வேலை செய்திருந்தாலுமே அது தப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு விநாடியை 30 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் விரிகிற சாமான் அது, பெரிய ஆளின் முகத்தையே சிராய்த்துவிடும், மடியில் இருக்கிற பச்சைக் குழந்தை என்ன ஆகும். இரண்டு வகையிலும் தப்பு செய்தவள் நான், அதனால்தான் உனக்கு இவ்வளவு சொல்கிறேன்.

ஏப்ரல் வெயிலில் டேப்பின் பசை இளகிவிட்டது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடம் உனக்குத் தெரியும், அங்கே முன்னால் போன டிரெய்லர் சட்டென்று பிரேக் போட, நானும் போட, அதன் பின் பம்பருக்கும் என் பானெட்டுக்கும் இடையில் ஒரு முழம் கூட இல்லாமல் வண்டி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. குனிந்து பார்க்கிறேன், டேப் ஒரு ஓரமாகப் பெயர்ந்து தொங்குகிறது, அதன் பின்னால் அந்தச் சிவப்பு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு மிச்சச் சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சரியான ஸ்கேனர் வைத்திருக்கிற எலக்ட்ரிஷியனிடம் கொண்டுபோனேன். இதைக் கவனி: ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, வண்டியில் செருகிக் கோளாறைப் போனில் காட்டுகிற புளூடூத் ஓ.பி.டி கருவி பெரும்பாலும் என்ஜின் கோளாறைத்தான் படிக்கும், ஏர்பேக் பெட்டியோடு அதற்குப் பேசத் தெரியாது. "ஸ்கேன் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் எந்த மெஷினில் பண்ணினாய் என்று கேள். எஸ்.ஆர்.எஸ், அதாவது ஏர்பேக்கும் பெல்ட் பொறியும் சேர்ந்த ஏற்பாடு, அதைப் படிக்கிற மெஷின் வேண்டும். என் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒயரையும் ஒயரையும் இணைக்கிற மஞ்சள் கப்ளரில் களிம்பு ஏறியிருந்தது, நடுப்பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது, அதையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு மாத ட்யூ அளவுக்குச் செலவு. நாலு மாதம் தள்ளிப் போட்டதால் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். போன வாரம் நீ வேறு ஒன்று சொன்னாய், ஹார்ன் சில நேரம் அடிக்கிறது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் அடிக்கவில்லை என்று. அதையும் இதையும் நீ சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் சுற்றிக்கொண்டே இருக்கிற சாமான், அதன் நடுவில் இருக்கிற பலூனுக்கும் ஹார்னுக்கும் ஒயர் எப்படி அறுந்து போகாமல் போகிறது என்று யோசித்திருக்கிறாயா? உள்ளே கொசுவர்த்திச் சுருள் மாதிரி தட்டையான ரிப்பன் ஒன்று சுற்றி வைத்திருக்கும், ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அது இறுகும், தளரும். கிளாக் ஸ்பிரிங் என்பார்கள், சிலர் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி அந்த ரிப்பன் விட்டுப்போகும். ஹார்னும் ஏர்பேக் லைட்டும் சேர்ந்து தகராறு செய்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போக வேண்டும். அதை மாற்றும்போது ஸ்டியரிங்கைக் கழற்றுவார்கள், புதுச் சுருளை நடு நிலையில் வைத்து மாட்ட வேண்டும், ஒரு சுற்றுத் தள்ளி மாட்டிவிட்டால் முழுசாக ஒடிக்கிற முதல் நாளே மறுபடி அறுந்துவிடும். பக்கத்தில் நின்று பார்.

அது இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார், பார்க்க மட்டும் செய், கை வைக்காதே. மஞ்சள் ஒயர், மஞ்சள் கப்ளர் எங்கே பார்த்தாலும் அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கோ பெல்ட் பொறிக்கோ போவது. நீ சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், குடை, குழந்தை விளையாட்டுச் சாமான் எல்லாம் திணித்து வைக்கிற ஆள், சீட்டை முன்னே பின்னே தள்ளும்போது அது ஒயரை இழுத்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். பேட்டரி இறங்கி வேறு வண்டியில் இருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தாயே, அந்தக் கோளாறு பதிவாகி நின்றிருந்தால் ஸ்கேனரில் அழித்துவிட்டால் திரும்ப வராது. அழித்தும் திரும்ப வந்தால் நிஜமாகவே கோளாறு இருக்கிறது.

யார் வேலை செய்தாலும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா விட வேண்டும், உள்ளே மின்சாரம் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கிறது, பேட்டரி இல்லாமலே பலூனை வெடிக்க வைக்கிற அளவுக்கு அதில் தங்கியிருக்கும். என் எலக்ட்ரிஷியன் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வந்தார். டெஸ்ட் லாம்ப் எடுத்து மஞ்சள் ஒயரில் குத்தப் போனாலோ, மல்டிமீட்டரை வைத்து நேராகப் பலூனை அளக்கப் போனாலோ சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடு. அந்தச் சின்னக் கரண்டே அதைப் பற்ற வைத்துவிடலாம்.

அப்புறம் நீ வாங்கினது செகண்ட் ஹேண்ட் வண்டி, அதுவும் 2014 மாடல். ஏற்கெனவே இடித்து பலூன் வெடித்த வண்டியாக இருந்து, புதுசு போடாமல் மூடியை மட்டும் ஒட்டி, ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிப் பெட்டியை ஏமாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் லைட்டு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். உன்னுடையதில் எரிகிறதே, அந்த அளவுக்குச் சந்தோஷப்படு. ஆனாலும் ஸ்டியரிங் நடு மூடியும் டேஷ்போர்டு மூடியும் ஒட்டு வேலை மாதிரி இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார். கழற்றிப் போட்ட வண்டியின் பலூன் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம், அது எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று உனக்குத் தெரியாது.

இன்னொரு வேலை, இதற்குக் காசு இல்லை. ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு ரீகால் இருக்கிறதா, அதாவது கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறதா என்று பார். ஜப்பானில் தகாதா என்று ஒரு கம்பெனி, பல கார் கம்பெனிகளுக்குப் பலூன் செய்து கொடுத்தது, உள்ளே போட்ட அம்மோனியம் நைட்ரேட் மருந்து வருஷக்கணக்கான சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகக் கூடே சிதறி ஆட்களைக் கொன்றது. உலகம் முழுக்க வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், 2017ல் அந்தக் கம்பெனி திவாலானது. நம்ம ஊர்ப் புழுக்கம் அதற்குத் தோதான புழுக்கம். அந்தக் கோளாறுக்கு லைட்டு எரியாது, நம்பரைப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு, இருந்தால் இலவசமாக மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

மருமகள் டேஷ்போர்டில் வலது பக்கம் இடது பக்கம் பார்க்காமல் பிள்ளையாரை ஒட்டி வைத்திருக்கிறாளே, அவரை முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற மூடியில் இருந்து பெயர்த்து வேறு எங்கேயாவது வை. அந்த மூடி திறந்தால் பிள்ளையார் நேராக அவள் முகத்துக்குத்தான் வருவார். நான் வைத்தால் கோபித்துக்கொள்வாள், நீ சொல். நீயும் ஸ்டியரிங்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓட்டாதே, ஒரு சாண் தாண்டி இடைவெளி இருக்கட்டும். பெல்ட் போடாமல் பலூனை நம்புவது அடிபடுவதற்கு நாமே போய் முகத்தைக் காட்டுகிற மாதிரி. குட்டி இப்போது ஓடுகிற வயசு, பின் சீட்டில் அவளுக்கான சீட் போட்டு உட்கார வை, அழட்டும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

ஸ்கேன் பண்ணினதும் அந்த ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்பு, என் எலக்ட்ரிஷியனிடம் காட்டுகிறேன். பொங்கலுக்குள் வேலை முடிந்தால் காரில் வா. முடியவில்லை என்றால் மூன்று பேரும் ரயிலில் வாருங்கள், டிக்கெட் இப்போதே போட்டு வை, வேண்டாமென்றால் கேன்சல் செய்துகொள்ளலாம். சென்ட்ரலுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ பின் சீட்டில் குட்டியோடு உட்கார வேண்டும், சொல்லிவிட்டேன்.

அம்மா