மணிக்கு லட்டு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆசையாய் நீட்டிய லட்டை, எங்கள் நாய் மணி உலர்திராட்சையோடு விழுங்கிவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்பது மறுநாள் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டது, சரி. அன்றிலிருந்து அதற்குத் தின்பண்டம் என் கையால்தான்.

ஐப்பசி மாதம் சந்தையில் மஞ்சள் பூசணி வாங்குவேன். (ஆயுத பூஜைக்குக் குங்குமம் தடவித் தெருவில் உடைக்கிறோமே, அந்த வெண்பூசணி இல்லை.) ஒரு கீற்றை விதை நீக்கி, ஆவியில் வேகவைத்து மசித்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றி, பிடிக்கிற பதம் வரும்வரை கேழ்வரகு மாவு சேர்ப்பேன். வீட்டில் களிக்கு அரைத்த மாவுதான். உப்பு, வெல்லம் கிடையாது. சிறு வடை மாதிரி மெல்லிசாகத் தட்டி, இரும்பு தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் இருபுறமும் விறைக்கும்வரை விடவேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே களியாகவே நிற்கும். என் முதல் ஈடு அப்படித்தான் ஆனது. மணி அதையும் விடவில்லை.

வேர்க்கடலை சேர்ப்பவர்கள், மழையில் பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட் பக்கமே போகவேண்டாம். நாளுக்கு இரண்டு வில்லை போதும், இது சோற்றுக்கு மாற்றில்லை.

தீபாவளிக்கு முன் கால்நடை மருந்தகங்களில் இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்