தலைக்கவச ஹெட்செட்டும் வண்டி ஸ்பீக்கரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

வண்டியில் ஏற்கெனவே ஸ்பீக்கர் பொருத்தியிருக்கும் நண்பர்கள் சிலர், எங்களிடம் தலைக்கவச ஹெட்செட் வாங்கிச் சென்ற சில நாட்களிலேயே திரும்பி வந்து, "அழைப்பு காதில் கேட்கிறது, மேப்ஸ் குரல் மட்டும் கேட்பதில்லை" என்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் ஹெட்செட்டில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கிய நல்ல பொருளை யாரும் பழுதென்று எண்ணி மூலையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கைப்பேசி, புளூடூத் வழியே ஒலியை இரண்டு தடங்களில் அனுப்புகிறது. தொலைபேசி அழைப்பு ஒரு தடம். பாட்டு, காணொளி, மேப்ஸ் குரல் ஆகிய மீடியா ஒலிகள் யாவும் மற்றொரு தடம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் இணைந்திருந்தாலும், பெரும்பாலான கைப்பேசிகள் மீடியா ஒலியை அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே தரும். சாம்சங் உள்ளிட்ட சில நிறுவனங்களின் சில மாடல்களில் இரண்டுக்கும் சேர்த்து அனுப்பும் வசதி உண்டு. சாவியைத் திருப்பியவுடன் ஸ்பீக்கர் தானாக இயங்கிக் கைப்பேசியோடு இணைந்துவிடுவதால், வழி சொல்லும் குரல் உங்கள் காதுக்கு வராமல் ஸ்பீக்கருக்குப் போய், காற்றிலும் இஞ்சின் சத்தத்திலும் கரைந்துவிடுகிறது. ஹெட்செட் பெட்டியில் காணும் 'மல்டிபாயிண்ட்' என்ற சொல் இதற்குத் தீர்வன்று. ஒரு ஹெட்செட் இரண்டு கைப்பேசிகளோடு இணையும் என்பதே அதன் பொருள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில், புளூடூத் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, 'மீடியா ஆடியோ' என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில், கட்டுப்பாட்டு மையத்தில் ஒலி செல்லும் இடமாக ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேப்ஸ் அமைப்பில் புளூடூத் வழியே குரல் ஒலிக்க அனுமதித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஓடும் வண்டியில் ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மூடுபனி இறங்கிய நேரத்தில் எதிரே ஏறிவரும் வண்டி கண்ணில் படுவதற்கு முன் அதன் ஹாரன்தான் நமக்குக் கேட்கும். ஏறி வருபவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியவர் இறங்குகிற நாம்தான். அதற்குக் கீழே முதுமலைக் காடு; அங்கே ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது விலங்குகளுக்குச் செய்யும் தொந்தரவு. ஹெட்செட்டிலும் பாட்டை விட்டு, வழிக்குரலை மட்டும் அளவான ஒலியில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

ஒலி குறைவாக இருக்கிறது என்றால், ஒலியைக் கூட்டுவதற்கு முன், தலைக்கவசத்தினுள் ஒட்டிய சிறு ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலம் விலகினாலே பாதிக் குரல் போய்விடும். இடம் போதவில்லை என்று உள்ளிருக்கும் தெர்மாகோலைச் சுரண்டித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு வற்புறுத்தினாலும் நாங்கள் அதைச் செய்ய மாட்டோம். விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான், ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை பெற்ற தலைக்கவசமும் அதைச் சுரண்டிய பிறகு பழையபடி காக்காது.

கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைத்தால் உடம்பே அலையை மறிப்பதால் ஒலி விட்டுவிட்டு வரும். மேற்சட்டையின் மார்புப் பையில் வையுங்கள். மழையில் நனைந்த ஹெட்செட்டின் சார்ஜ் துளையைத் துடைத்து உலர்த்தாமல் வயரைச் செருகாதீர்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் இரவெல்லாம் திண்ணையில் கிடந்த ஹெட்செட்டை அதிகாலையில் அப்படியே சார்ஜில் போடுவதும் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால், கைப்பேசி, தலைக்கவசம், வண்டி மூன்றையும் கடைக்குக் கொண்டு வாருங்கள். பழைய இணைப்புகளைக் கைப்பேசியிலும் ஹெட்செட்டிலும் அழித்துவிட்டு, புதிதாக இணைத்து, உங்கள் காதில் கேட்ட பிறகே அனுப்பி வைப்போம். இதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
இருசக்கர வாகன உதிரிபாகக் கடையினர்,
குன்னூர்