சேலத்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன ஞாயிறு சாயங்காலம் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் வாங்க நின்றேன். உங்களில் ஆறேழு பேர் பக்கத்தில் நின்று, முந்தின நாள் பார்த்த விண்வெளிப் படத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். பட்ஜெட் எத்தனை கோடி, முதல் நாள் வசூல் எத்தனை கோடி, வெளிநாட்டுக்காரன் எத்தனை கோடியில் எடுத்துக் காட்டினான். கால் மணி நேரமாகியும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கூட இருந்த தங்கை ஒருத்தி, "எனக்கு அந்தத் தண்ணித்தொட்டி சீன் புடிச்சிருந்துச்சுண்ணா" என்று ஆரம்பித்தாள். "பட்ஜெட் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?" என்று ஒரு தம்பி கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள். அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த பீட்ரூட் துருவலைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தயங்கிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக எனக்கு ரோட்டோ வேலை. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டி எடுப்பது. நொடிக்கு 24 ஃப்ரேம். நாலு நொடி ஷாட்டில் காற்றில் தலைமுடி பறந்தால் 96 ஃப்ரேமிலும் அந்த முடியின் ஓரத்தைக் கையால் வரைய வேண்டும். அப்படி வரைந்து அனுப்பிய ஷாட் ஏழு முறை திரும்பி வந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் வேறொருவர் வேறொன்று கேட்பார். கடைசியில் காட்சியே படத்தில் இருக்காது. நீங்கள் சொல்லும் கோடிகளில் அந்த ஏழு முறையும் அடக்கம். தள்ளித் தள்ளிப் போன ரிலீஸுக்குக் கட்டிய வட்டியும், பெரிய நடிகரின் சம்பளமும் அடக்கம். அந்த எண்ணை வைத்துத் திரையில் தெரிவதை எடைபோட்டால் கணக்கு எப்படி நேராகும்?

2023-ல் வந்த ஜப்பானிய காட்ஸில்லா படத்தை அன்றைக்கும் எடுத்துக்காட்டினீர்கள். ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைந்த செலவு, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஏறக்குறைய 35 பேர், 610 ஷாட், அதற்கு 2024-ல் ஆஸ்கர். எல்லாம் உண்மை. அங்கே இயக்குநரே விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் பொறுப்பு. கலைஞர்களோடு உட்கார்ந்து 'இது போதும்' என்று அப்போதே முடிவு சொல்லக்கூடியவர். நம் படங்களில் அப்படி முடிவு சொல்ல யார் இருந்தார்? கேள்வி கேட்க அதுதான் சரியான இடம். அந்தக் கேள்வியைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

ஏற்காடு போகையில் பைக்கில் கடக்கிறீர்களே, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்தப் படக் கம்பெனி 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' எடுத்தது. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, அழிந்துபோன மாமூத்தைத் திரையில் நடக்கவிட்டார்கள். இன்று பார்த்தால் போர்வை தெரியும்தான். ஆனாலும் அந்தக் கம்பெனியை நடத்திய நம்ம ஊர் டி.ஆர்.சுந்தரம் அதில் துணிந்து இறங்கினார் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிரும்.

படம் பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். எங்கே சறுக்கியது என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேற்றுக்கிரகவாசியின் கால் மண்ணில் பதியவில்லை, நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்று. நான் செய்த ஷாட் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஹீரோயின் காதோரம் நடுங்குது" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன், நடுங்கத்தான் செய்தது. அன்றிலிருந்து காதோரத்தை இரண்டு தடவை பார்க்காமல் எந்த ஷாட்டையும் அனுப்புவதில்லை. 'குப்பை' என்று எழுதிய நூறு பேரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. அந்த 'குப்பை'களைப் படித்துவிட்டு, "சயின்ஸ் ஃபிக்‌ஷனா, வேண்டாம்ப்பா" என்று ஒரு தயாரிப்பாளர் அடுத்த கதையை மூடி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தத் தண்ணித்தொட்டி சீனில் தங்கைக்கு என்ன பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஞாயிறும் அதே கடைக்குத்தானே வருவீர்கள்? அவளை முதலில் பேச விடுங்கள். நானும் வந்து நிற்கிறேன், எனக்கும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு ரோட்டோ கலைஞன்