16 வாட்டுக்கு எதற்குக் காவல்காரன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வளர்ப்புப் பாம்புகள் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "தொட்டிக்கு அடியில் ஒரு ஹீட் மேட் போட்டுவிட்டால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். (ஹீட் மேட் என்றால் மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு.) அதையே நானும் ஒரு காலத்தில் என் வீட்டில் சொன்னேன். அதன் பலனை என் மகளின் பாம்பு வயிற்றில் வாங்கிக்கொண்டது.

நான் 35 வருஷம் மின் வேலை பார்த்தவன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் ஆரம்பித்துப் பெரிய பேனல் வரை கை வைத்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தவறு செய்தது விஷயம் தெரியாதவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் வளர்ப்பது பால் பைத்தான். பெயரைக் கேட்டதும் என் அண்ணி, "தினமும் எத்தனை தம்ளர் குடிக்கும்?" என்று கேட்டார். அந்தப் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு. இது பண்ணையில் பிறந்து, முறையான காகிதங்களோடு வந்தது. மகள் வைத்த பெயர் சுருளி.

தொட்டி தயாரானபோது தெர்மோஸ்டாட் ஒன்று வேண்டும் என்றாள். சூடு வைத்த அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துகிற கருவி அது. ஹீட் மேட்டைத் திருப்பிப் பார்த்தேன். 16 வாட் என்று போட்டிருந்தது. "16 வாட்டுக்கு எதுக்கும்மா காவல்காரன்?" என்றேன். அப்பா மின்காரர், சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கண்ணாடிச் சுவரில் முள் வைத்த வட்டத் தெர்மாமீட்டரை ஒட்டினோம். அது 27 டிகிரி காட்டியது. எல்லோருக்கும் திருப்தி.

மூன்றாவது வாரம் சுருளி எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது, பகலில் ஒளிந்துகொள்ள நாங்கள் வைத்த பொந்துக்குள் போனது. "குளிக்குது போல" என்று சிரித்தேன். மகள்தான் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிவயிற்றுச் செதில்கள் ஒரு கை அகலத்துக்குச் சிவந்து, ஓரத்தில் பழுப்பாகி, நடுவில் ஒரு கொப்புளம். மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தெர்மோஸ்டாட் என்ன வகை?" மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல் வரிசைப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, பொந்தை எடுத்துவிட்டு, சுருளி படுத்திருந்த பள்ளத்தில் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைக் காட்டினேன். 47 டிகிரி. சுவரில் இருந்த முள் அப்போதும் 27-இல்தான் நின்றது. அது சொன்னது சுவரோரக் காற்றின் கதை. பாம்பு படுத்தது தரையில்.

வாட் குறைவு என்பது சூடு குறைவு என்பதில்லை. வருகிற சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால், 16 வாட்டாக இருந்தாலும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். மேட்டுக்கு மேலே கண்ணாடி, அதற்கு மேலே கனமாகத் தேங்காய் நார்த்தூள், அதன் மேல் பொந்து, பொந்துக்குள் பாம்பு. போர்வை மேல் போர்வை. மோட்டாரின் காற்று வழியில் துணியைச் சுற்றாதே, காயில் கருகிவிடும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! இஸ்திரிப் பெட்டிக்குள்ளேகூட ஒரு தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிறது. உயிருள்ள பாம்புக்கு வேண்டாம் என்றேன்.

சூடென்றால் நகர்ந்து போகாதா என்று கேட்பார்கள், நானும் கேட்டேன். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் எலியின் உடல் சூட்டை இருட்டிலேயே கண்டுபிடிக்கும். அதற்குக் காரணமான புரதம் டிஆர்பிஏ1 என்று 2010-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். இருந்தும், அடிவயிற்றில் மெல்ல ஏறும் சூட்டுக்கு, நாம் கையை இழுப்பது போல அது சட்டென்று விலகுவதில்லை. விலகினாலும் எங்கே போகும்? நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு பொந்து, அதுவும் மேட்டின் மேலேயே. ஒளிந்திருக்க வேண்டும் என்றால் வெந்துதான் ஆக வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொந்துகள் இருக்கின்றன.

பாம்பு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. (முட்டையைச் சுற்றிப் படுக்கும் சில பெண் மலைப்பாம்புகள் தசையைத் துடிக்கவைத்துச் சூடேற்றும், அது தனிக் கதை.) இரை செரிக்கவே வெளிச்சூடு வேண்டும். குளிர்ந்து கிடந்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். ஆகவே தொட்டி முழுக்க ஒரே சூடு கூடாது. சுருளியின் தொட்டியில் ஒரு பக்கத் தரை 32 டிகிரி, மறுபக்கம் 25. நடுவில் எங்கே படுப்பது என்பது அதன் இஷ்டம். மேட்டும் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை.

சரி, தெர்மோஸ்டாட் வாங்கினோம். கதை அங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். சூட்டை உணர்ந்து சொல்லும் அதன் சென்சாரைத் தொட்டிக்குள் மேட்டுக்கு நேர் மேலே வைத்தேன். ஒரு ராத்திரி சுருளி ஊர்ந்ததில் அது இழுபட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் போய்விட்டது. அங்கே 24 டிகிரி. தெர்மோஸ்டாட் பாவம், தொட்டி குளிர்கிறது என்று நினைத்து மேட்டை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறது. தனியாக வைத்திருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் அலாரம் அடித்ததால் தப்பித்தோம். காவல்காரனை வைத்தால் போதாது, அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது சென்சார் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பாம்பு எட்டாத இடத்தில் இருக்கிறது. நார்த்தூளை ஒதுக்கி உள்தரையை அளந்து, அங்கே 32 வரும்வரை வெளி அளவைக் கூட்டிக் குறைத்து வைத்தேன். ஒரு வாரம் தினமும் அளந்து பார்த்த பிறகுதான் பாம்பை உள்ளே விட்டோம். முதல் தடவையே இப்படிக் காலித் தொட்டியை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். செதிலில் பிடித்தால் உரித்துக்கொண்டு வரும்.

மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை தெர்மோஸ்டாட் போதும். மேலிருந்து சூடு தரும் செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக விட்டு விட்டுத் தரும் பல்ஸ் வகை நல்லது. ஹாலஜன் பல்புக்கு, மின்சாரத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைதான் வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். மேட் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது என்பதால் பின்னால் நாங்களும் ஒரு செராமிக் ஹீட்டர் சேர்த்தோம். அதற்கும் தனித் தெர்மோஸ்டாட். வெளிச்சம் வராது, அதனால் ராத்திரி இருட்டாகவே இருக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக் கூண்டும் போட வேண்டும். தொட்டி வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் சிந்துகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. இதெல்லாம் என் தொழில், எழுத ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது.

செராமிக் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்ணை மூடியிருக்கும் பழைய தோல் உரியாமல் ஒட்டிக்கொள்ளும். வலைமூடியில் ஹீட்டரை விட்டுத் தள்ளிப் பாதியை மூடிவைத்தோம், ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்றையும் உள்ளே வைத்தோம்.

சூட்டுப் புண் ஆறும்வரை சுருளி நார்த்தூள் இல்லாமல் வெறும் காகிதத்தில் கிடந்தது, மகள் தினமும் மருந்து தடவினாள். மூன்று முறை சட்டை உரித்த பிறகு செதில்கள் ஓரளவு தேறின. ஓர் இடத்தில் மட்டும் சுருக்கம் இன்னும் இருக்கிறது.

ஆகவே, ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறு திருத்தம் போட இடமிருந்தால் இரண்டு வரி போதும்: ஹீட் மேட்டோடு தெர்மோஸ்டாட் கட்டாயம், சூட்டைப் பாம்பு படுக்கும் இடத்தில் அளக்க வேண்டும். இடம் பத்தாவிட்டால் பாம்புப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது சுருளி பாசி டப்பாவில் கிடக்கிறது. கண் நீலம் பூத்திருக்கிறது, இன்னும் சில நாளில் சட்டை கழற்றும். மேட் பக்கம் 32.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்
(பெயர் போட வேண்டாம். மகளின் தோழிகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள்.)