மேக் ஃபில்டரை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்தார் நம் வைஃபையில் புகாமல் இருக்க, ரவுட்டரில் ‘மேக் ஃபில்டர்’ (பட்டியலில் உள்ள சாதனங்களை மட்டும் இணையவிடும் வசதி) போட்டு நம் வீட்டு போன்களை மட்டும் அனுமதித்தால் போதும் என்று தங்கள் தொழில்நுட்பப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதை அப்படியே செய்தால் முதலில் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரரின் போன்தான்.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் பெரும்பாலும் அசல் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே சாதனத்துக்குத் தரப்படும் அடையாள எண்) வெளியே காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. போனின் அசல் 12 இலக்க முகவரியை (எண்களும் A முதல் F வரையிலான எழுத்துகளும் கலந்தது) ரவுட்டரில் ஏற்றினால் இணைப்பு வராததற்கு இதுவே காரணம். முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போன் தானே உருவாக்கியது என்று அறியலாம். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் ‘பிரைவசி’ பகுதியில் போனின் அசல் முகவரியைத் தேர்வு செய்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். ஐபோனில் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ வசதியை அணைக்க வேண்டும்.

இத்தனை மெனக்கெட்டாலும் விஷயம் தெரிந்தவனைத் தடுக்க முடியாது. வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 நாம் அனுப்பும் தகவலைத்தான் மறைக்கிறது. மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. அனுமதி பெற்ற ஒரு முகவரியைப் பிடித்துத் தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்வது சில நிமிட வேலை.

ஆளைத் தடுப்பது பாஸ்வேர்டுதான். நம்மூரில் பலர் வைப்பதோ செல்போன் எண்! 6, 7, 8, 9இல் தொடங்கும் 10 இலக்கம் என்றால் மொத்தம் 400 கோடி எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு போன் இணையும்போது ரவுட்டரோடு பரிமாறும் தகவலைப் பதிவுசெய்து எடுத்துப் போய்விட்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு அத்தனை எண்களையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே அம்பலமானது. இன்னும் பல வீடுகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டுக்கு வருபவர்களுக்கும் சிசிடிவி, டிவி போன்றவற்றுக்கும் அதே ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ எனும் இன்னொரு வைஃபையைத் தனியாகத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்டு கொடுங்கள். வெளியாருக்குத் தெரிந்துவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் போன், லேப்டாப்பில் கை வைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி